ஏகமனதாக

வடக்குப் பின்லாந்தில், உறைந்த ஏரியை அறுத்து
ஒரு கதவளவு துளை.
அதில் இறங்கிக் குளிப்பவர்கள் இருபத்து மூன்று பேர்.
சங்கத்தின் பெயர் அதைவிட நீளம்.
ஆண்டுச் சந்தா முப்பது யூரோ.
சொத்து: ஒரு சௌனா, ஓர் ஐஸ் ரம்பம்,
என் கையெழுத்தில் நான்கு குறிப்பேடுகள்.

தலைவர் உர்போ, பதினான்கு வருடமாக.
கெட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டோம்.
விடியுமுன் வந்து ரம்பம் பிடிப்பார், விறகு அடுக்குவார்.
சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும்.
வேண்டுமென்றால் போய்க் கேட்கலாம்.
கேட்கப் போனவர்கள்
காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பொதுக்குழுவுக்கு ஒன்பது பேர் வந்தோம்.
மறுபடியும் உர்போ, என்றது ஒரு குரல்.
வழக்கமான சொல்லை எழுதத் தொடங்கிவிட்டேன்.
அப்போது கை தூக்கினாள் ஹோதன்,
பேருந்து ஓட்டுபவள், சேர்ந்து இரண்டு குளிர்காலம்தான்:
"சாவி அவரிடம்தான் இருக்கவேண்டுமென்று
எந்த விதி சொல்கிறது?"

தாயிமி பின்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
நான் பழைய ஏட்டைப் புரட்டினேன்.
விதி ஒன்று இருந்திருக்கிறது:
தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஒருவரே கூடாது.
ஒரு நவம்பர் இரவு, ஐந்து பேர்,
வியர்த்துக்கொண்டே அதை நீக்கியிருந்தோம்.
கீழே என் எழுத்து, அழகாகவே:
ஏகமனதாக.

எனக்கு நினைவிருக்கிறது அந்த இரவு.
ஆம் என்று யாரும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் பசி.

சீட்டு எழுதிக் கம்பளித் தொப்பியில் போட்டோம்,
முதல் தடவையாக.
ஐந்து, நான்கு. சாவி இனி மாதம் ஒருவரிடம்.
நான் எந்தப் பக்கம் என்பது தொப்பிக்குத் தெரியும்.
உர்போ அதை உதறித் தலையில் மாட்டிக்கொண்டார்;
அது அவருடையது.

திங்கட்கிழமை ஹோதன் முறை.
பணிமனையில் ஏதோ தகராறு, இருபது நிமிடம் தாமதம்.
கழித்தல் இருபத்தொன்றில் குளியல் அங்கியோடு நின்றோம்.
"உர்போ இருந்தவரை..." என்று ஆரம்பித்தது யார்
என்று எழுதப்போவதில்லை.
துளையின் மேல் நான்கு விரற்கடைக்குப் புதுக்கட்டி.
ரம்பம் அவளிடம் முரண்டு பிடித்தது.
தாயிமி கொஞ்சம் அறுத்தாள், பிறகு நான்;
இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் தெரிகிறது
அதன் எடை.

உர்போ கரையிலேயே நின்றார், கைகள் கோட்டுப் பையில்.
வாய் திறக்கவில்லை.
அதைச் சம்மதக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஏட்டை எடுத்தேன்.
அடிக்க அனுமதி இல்லை.
ஓரத்தில், சிறிய எழுத்தில்:
அன்று யாரும் பேசவில்லை.