பதினெட்டு நொடி

ஏலம் ஒன்பதுக்கு முடிய வேண்டும்.
எட்டு ஐம்பத்தொன்பது நாற்பத்திரண்டுக்கே
கதவைச் சாத்திவிட்டீர்கள் என்கிறார்
ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஹில்மார்.
நான்கு டன் காட் மீன். விரல் பொத்தான்மேல் இருந்ததாம்.
"நொடியில் நொடித்துப்போகிறவர்கள் உண்டு, குன்வோர்.
நான் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்."

வார்டோவில் ஜனவரி.
பதினொரு மணிக்கு வானம் கொஞ்சம் நீலமாகிப்
பிறகு மனம் மாறிவிடும்.
சூரியனைக் கேட்கலாம் என்றால்
அதுவும் விடுப்பில்.

சர்வர் அறையில் நான்கு பெட்டிகள்.
மூன்று ஒரே நேரத்தைச் சொல்கின்றன.
நான்காவது, மூலையில் கிடக்கும் மூடி தொலைந்த பழசு,
ட்ரோன்ஹைமைக் கேட்டுக் கேட்டு நடப்பது,
பதினெட்டு நொடி பின்னால் நிற்கிறது.
திரையில் அதன் பெயருக்கு முன்னால் பெருக்கல் குறி:
பொய்யன் என்று அர்த்தம்.
ஊரோடு ஒத்துப்போகாததைக் கழற்றிவிடலாம் என்று
கேபிளில் கைகூட வைத்துவிட்டேன்.

பதினெட்டா?
கெட்டுப்போன கடிகாரம் இத்தனை ஒழுங்காகப் பிசகாது.
சொட்டுச் சொட்டாகக் கசியும்,
ஏழே கால், ஏழே முக்கால் என்று இழுக்கும்.
இதுவோ பதினெட்டு, புள்ளிக்குப் பின் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
யாரோ உட்கார்ந்து எண்ணி வைத்த மாதிரி.

மூன்றின் வால்களையும் பிடித்துக்கொண்டு போனேன்.
மூன்றும் கூரைமேல் ஒரே ஆன்டெனாவில் முடிந்தன.
மூன்று சாட்சிகள், ஒரே வாய்.

ஏணி. மைனஸ் பதினான்கு.
ஆன்டெனாக் குமிழின்மேல் உறைந்த கடல்நுரை,
உள்ளங்கை அகலத் தடிமன்.
சனிக்கிழமை மின்சாரம் போய் வந்தபோது
ரிசீவர் கண்விழித்து மணி கேட்டிருக்கிறது.
பனிக்குள் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.
செயற்கைக்கோளின் மணி வந்தது.
பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை
பின்னால் மெதுவாக வருகிற அடிக்குறிப்பு வரவில்லை:
கீழே பூமி சற்றுச் சோம்பிச் சுழல்கிறது,
அதற்காக மனிதர்கள் பதினெட்டு நொடி செருகியிருக்கிறார்கள்,
கழித்துக்கொள்.

கேன்டீன் மரக்கரண்டியால் தட்டினேன்.
நாலாவது தட்டில் தொப்பி கழன்ற மாதிரி விழுந்தது.
கைப்பிடியில் உட்கார்ந்திருந்த கடற்காகம்
மீனா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கடிகாரங்களை ஒரே அடியாகப் பின்னால் தள்ளலாம்.
தள்ளினால் பதினெட்டு நொடி இரண்டு முறை நடக்கும்;
விற்ற மீன் விற்காததாகும்,
ரசீதுக்கு முன்பே கையெழுத்து விழும்.
நடையைத் தளர்த்து என்று மட்டும் எழுதினேன்.
ஒவ்வொரு நொடிக்கும் அரை மில்லிநொடி கூடுதல்.
கரைந்து தீரப் பத்து மணி நேரம்.

அந்தப் பத்து மணி நேரமும்
எங்கள் கட்டடத்துக்குள் மட்டும் நொடிகள் சற்று நீளம்.
யாருக்கும் தெரியவில்லை. தராசுகள் ஓடின,
யாரோ காபியைக் கொட்டினார்கள்,
ஹில்மாரின் நான்கு டன் லாரியில் தெற்கே போய்க்கொண்டிருந்தது.
தவறு எங்களுடையது என்று ஏல அலுவலகத்துக்கு எழுதினேன்.
பதில் வரவில்லை.

இரவு பார்த்தபோது
மூலைப் பெட்டிக்கு முன்னால் நட்சத்திரக் குறி.
மூடிதான் இன்னும் கிடைக்கவில்லை.