குளிரறை இரண்டு

வியாழன் தோறும் அறக்குளா திரும்பி வந்தது.
செவுள் வெளுத்து, கண் குழிந்து,
பெட்டியடியில் பழுப்புத் தண்ணீர்,
கூடவே மிசிசாகா கடைக்காரரின் வசவு.

"அமலதாஸ்தான்" என்றார் முதலாளி.
"நானூற்றியொண்டில எங்கயோ வானை நிப்பாட்டிப்போட்டு
சிகரெட் பத்துறான்."
மூன்று கிழமைச் சம்பளத்தில்
கெட்ட மீனின் விலை கழிந்தது.
அமலதாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பனிச்சப்பாத்தின் நாடாவை
இரண்டு தரம் இழுத்துக் கட்டினான்.

இரண்டு வருசமாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்,
ஒரு மென்பொருள், பத்து உணரிகள்.
"எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு"
என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.
உண்மைதான்.
எந்தக் கடை எவ்வளவு கடன்,
எந்தக் கொள்கலன் எந்தத் துறைமுகத்தில்,
ஒன்றும் பிசகாது.
ஆனால் அந்தத் தலை நித்திரை கொள்ளும்.
அந்தத் தலைக்கு அமலதாஸைப் பிடிக்காது.

தை மாதம் வாங்கித் தந்தார்,
"அவனைப் பிடிக்க."

தீப்பெட்டி அளவு.
வானுக்குள் நான்கு, குளிரறைகளில் ஆறு.
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால்
ஒரு எண்ணை எழுதி வைக்கும்.
ஆரின் மகன், எந்த ஊர் என்று கேட்காது.

மூன்றாம் வியாழன் திரையைத் திறந்தேன்.
வானின் கோடு
நெடுஞ்சாலையைவிட நேராய்க் கிடந்தது.
குளிரறை இரண்டில்தான்
புதன் இரவு ஒன்பது நாற்பதுக்கு
ஒரு மலை எழும்பி
பத்து இருபத்தைந்துக்குப் பிறகே சரிந்தது.
புதனுக்குப் புதன், அதே மலை.
கதவைத் திறந்த குறியெண்: பூச்சியம் ஒன்று.

இங்கே அந்த நேரம்
நீர்கொழும்பில் காலை ஏலம்.
குளிரறைக்குள் கைபேசி எடுக்காது.
வாசலில் பெட்டியொன்றை முட்டுக் கொடுத்து,
கையிருப்பைக் கண்ணால் எண்ணி எண்ணி,
வரப்போகும் மீனுக்கு விலை பேசிய வாய்
வந்த மீனைக் கெடுத்திருக்கிறது.

அச்செடுத்து மேசையில் வைத்தேன்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டினார்,
திரும்பவும் கழற்றினார்.
வெளியே மார்க்கம் வீதியில்
உப்பு வண்டி பனியை அரைத்துக்கொண்டு போனது.

"இதை அழிக்கேலாதோ?"

"அழிக்கலாம்.
ஆர் அழிச்சது எண்டும் எழுதும்."

அன்று பின்னேரம் சம்பளப் பக்கத்தில்
மூன்று கிழமைக் கழிவையும் திருப்பிப் போட்டார்.
'காரணம்' என்றொரு கட்டம் உண்டு,
வெறுமையாய் விட்டால்
அடுத்த பக்கம் போக விடாது.
வெகுநேரம் இருந்தார்.
பிறகு ஒற்றை விரலால்
எழுத்தெழுத்தாய்த் தேடிக்
'கதவு' என்று அடித்தார்.
நான் திருத்தவில்லை.

அடுத்த புதன் கணக்கு முடித்து வெளியே வந்தேன்.
ஒன்பது நாற்பது. பாகை மைனஸ் பதினெட்டு.
தரிப்பிடத்தின் கடைசி மூலையில்
கண்ணாடி புகார் பிடித்த காருக்குள்
ஆரோ ஒருவர் உரத்த குரலில்
அறக்குளாவுக்கு விலை குறைத்துக்கொண்டிருந்தார்.