கரண்டிக்கு ஏழு

ராய்வோ என் முன் ஓர் அட்டையை வைத்தான்.
ஒன்று என்றால், இருக்கிறதா இல்லையா என்ற ஐயம்.
நான்கு, இதம்.
ஏழு, தாங்காது, நிறுத்து.
சத்தத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னான்,
இருபத்தாறு வருடம் மீன் டப்பா ஆலையில்
மூடி அழுத்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவளிடம்.

மார்ச் மாதம். பார்னு ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
காதுக்கு ஒன்றாக இரண்டு அவரை விதைகள்.
வெளியே வந்தால் என் கோட்டே என்னோடு பேசுகிறது.
உப்பும் பனியும் நறநறக்க
யாரோ பின்தொடர்வதாக மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.
நான்தான்.

வீட்டில் இழுப்பறையைத் திறந்தேன்.
ஒரு கரண்டி இன்னொரு கரண்டிமேல் விழுந்தது.
ஏழு.
ரொட்டி சுற்றிய காகிதம், ஆறு.
ஊமை என்றே நான் நம்பியிருந்த குளிர்பதனப் பெட்டி
இரவு பகலாக முனகிக்கொண்டிருந்திருக்கிறது.
அதற்கு மூன்றரை. அட்டையில் அரை கிடையாது.

எண்டெல் விறகோடு உள்ளே வந்தான்.
"காப்பி போடவா?" என்றான்,
எதிர்க்கரையில் நிற்பவளைக் கூப்பிடுவது போல,
எப்போதும் போல.
காதைப் பொத்திக்கொண்டேன்.
பதினோரு வருடம்
எனக்காக ஏற்றிக்கொண்டே வந்த குரல்;
இறங்கும் படி எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.
விறகை மட்டும் மெதுவாக இறக்கி வைத்தான்.
"கத்தாதே" என்றேன்.
அதையும் கத்தித்தான் சொன்னேன் என்பது
என் காதிலேயே விழுந்தது.
அப்படியென்றால் மேல்மாடி வீர்வேவுக்கு
எங்கள் கடன், அவன் தம்பியோடு நடந்த வழக்கு,
என் மூலவியாதி, எல்லாம் தெரியும்.
மாடிப்படியில் அவளுக்கு என்மேல் அவ்வளவு கரிசனம்
சும்மா இல்லை.

ஜூனில் ராய்வோவிடம் சண்டைக்குப் போனேன்.
"எனக்குத் தெரியாமல் குறைத்துவிட்டாய்.
கரண்டி இப்போது நான்கு. காகிதம் மூன்று.
கடற்காகம் அலறினால்கூட ஐந்தைத் தாண்டுவதில்லை."
அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
குறைக்கவில்லை. ஏப்ரலில் ஒரு பிடி
கூட்டித்தான் வைத்திருக்கிறான்.
கரண்டி அதே எடை. இழுப்பறை அதே ஆழம்.
"அப்போது எதுதான் மாறியது?"
அவன் விரல் என் தலையைச் சுட்டவில்லை, நல்ல பிள்ளை.
அட்டையை மட்டும் என் பக்கம் நகர்த்தினான்.

இன்னொன்றை நானாகக் கண்டுபிடித்தேன்.
கழற்றி வைத்தால்
பழைய வெறுங்காது அங்கே இல்லை.
அன்று நான்காக இருந்த ஆலைச் சங்கு
இப்போது இரண்டு.
இருட்டில் பழக்கத்தில் உட்காரப் போய்
நாற்காலி இல்லாதது போல.

சனிக்கிழமை, அவன் அக்காவின் தோட்டத்துச் சவுனா.
ஈரம் ஆகாது; இரண்டு விதைகளும்
சன்னலோரக் கிண்ணத்தில்.
எண்டெல் அகப்பையால் மொண்டு கல்லின்மேல் ஊற்றினான்.
ஆவி எழுந்து என் தோளில் உட்கார்ந்தது.
சீறியிருக்கும். மதிப்பெண் போட எனக்கு ஒன்றுமில்லை.
அவன் வாய் அசைந்தது.
மூன்று மாதம் பாடுபட்டுப் பழகிய
அந்தச் சின்னக் குரலில் ஏதோ சொல்கிறான்,
என் காது கிண்ணத்தில் இருப்பதை மறந்து.

கேட்டால் பழைய குரலை எடுப்பான்.
கேட்காமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.
"என்ன?"
நெஞ்சு நிறைய மூச்சிழுத்து,
உருளைக்கிழங்குப் பாத்தி தாண்டி, சாலை தாண்டி,
"இன்னும் ஊற்றவா?" என்றான்.
ஐந்து, என்று விரல்களை விரித்துக் காட்டினேன்.

ஐந்து அகப்பை ஊற்றினான்.