செவ்வாய்க்கிழமை அரை விலை

கான்ஸ்டான்ட்சாவில் செவ்வாய்தோறும் சீட்டு அரை விலை.
எது ஓடினாலும் போவேன்.
போஸ்டர் பார்ப்பதில்லை,
படத்தின் பெயர் மறுநாள் தங்குவதுமில்லை.
சீட்டுக் கிழிக்கும் அக்லாயா
"போன வாரம் எப்படி?" என்பாள்.
"நிறைய உடைந்தது" என்பேன்.
அவளுக்கு அது போதும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்.
நாற்பது மீட்டர் உயரம்,
கண்ணாடிப் பெட்டி,
காலடியில் கருங்கடல்.
ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு:
சண்டைப் படத்தில் சுழல்கிற வேகத்தில்
எந்தக் கிரேனும் சுழலாது.
சுழன்றால் வில்லனுக்கு முன்னால்
ஓட்டுகிறவன் செத்திருப்பான்.

முப்பது பேர் நாயகனை வளைத்து நிற்பார்கள்.
ஆனால் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள்,
முந்தாமல், தள்ளாமல்.
எங்கள் தபால் நிலையத்தில்
அப்படியொரு வரிசையை நான் கண்டதில்லை.
பிறகு ஒரு கார் பறந்து
தர்பூசணிக் கடைமேல் விழும்.
அரங்கமே காரைப் பார்க்கும்போது
நான் கடைக்காரனைத் தேடுவேன்.
கையை உதறிக்கொண்டு
ஒரு வசை உதிர்த்துவிட்டுப் போவான்.
இடைவேளைக்குப் பிறகும் வரமாட்டான்.
அந்தப் பழத்துக்கு யார் காசு கொடுத்தது?
டோரினெலிடம் கேட்டேன்.
"உனக்கு எதற்கடா?" என்றான் மச்சான்.

பூதப் படம் என்றால் மட்டும் எனக்கு உயிர்.
கடலுக்குள்ளிருந்து வரும்,
வந்ததும் துறைமுகத்தைத்தான் மிதிக்கும்.
அதைக் குறை சொல்லமாட்டேன்,
கப்பலில் வந்தால் நானும் அங்கேதான் இறங்குவேன்.
பாதிப் படம்வரை
வாலை மட்டும் காட்டினால் நல்ல படம்.
பத்தாம் நிமிடமே முகம் தெரிந்துவிட்டால்
மிச்ச நேரத்துக்குச் சூரியகாந்தி விதைதான் துணை.
ஒன்றில் அது கிரேனைப் பிடுங்கிப்
பல் குத்துகிற மாதிரி வாயருகே கொண்டுபோனது.
கண்ணாடிக்குள் மஞ்சள் தொப்பி ஒன்று.
அரை நொடிதான்.
"உள்ளே ஆளிருக்கிறான்!" என்று கத்திவிட்டேன்.
பின்வரிசைச் சிறுவன் "உஷ்" என்றான்.
அவன் சொன்னதும் சரிதான்.

அழுகைப் படங்கள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.
கணவனும் மனைவியும் சமையலறையில் நிற்பார்கள்.
கெட்டில் கூவும்.
யாரும் அணைக்கமாட்டார்கள்.
மழை பெய்யும் ஜன்னலையே பார்ப்பார்கள்.
எனக்குக் கை துறுதுறுக்கும்,
எழுந்து போய் அடுப்பை நானே அணைத்துவிடலாமா என்று.

போன செவ்வாய் அப்படி ஒன்று.
வேலை முடிந்து ஒருவன் வீட்டுக்கு வருகிறான்.
பாத்திரத்தைத் திறந்து
ஆறிப்போன சூப்பை
நின்றபடியே குடிக்கிறான்.
விளக்குப் போடவில்லை.
பேச்சில்லை, பாட்டில்லை,
பூதம் வர வழியே இல்லை.
இரண்டு முழு நிமிடம்.
இதற்கா பதினொரு லெய்?
டோரினெல் குறட்டையில் இருந்தான்.

டிராம் பாதையோரம் நடந்து வீடு வந்தேன்.
சட்டியில் பீன்ஸ் சூப்.
கரண்டி வாயில் இருக்கும்போதுதான் கவனித்தேன்,
நான் உட்காரவில்லை.
விளக்கும் போடவில்லை.
செவில் போனபிறகு போட்டதாகவே நினைவில்லை.

வந்தது அழுகையில்லை, கோபம்.
திருட்டுப் பயல்!
யாரைக் கேட்டு எடுத்தான் இதை?
எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தான்?
மூன்றாம் மாடி, எதிரே சுவர்தான்.
தர்பூசணிக்காரனைப் போல
நானும் கையை உதறினேன்.

இன்று செவ்வாய்.
"எப்படி?" என்றாள் அக்லாயா.
"ஒன்றும் உடையவில்லை."
மூக்குக் கண்ணாடிக்கு மேலாக
கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.
பிறகு,
"இந்த வாரத்து பூதத்துக்கு இரண்டு வால்" என்றாள்.

ஒரு சீட்டு கொடு.
ஓரமாக.