விசிறி ஆறில்

ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்கால் இடிக்கிற இடத்தில்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைச் செருகியிருக்கிறேன்.
கண்டதையெல்லாம் போனுக்குச் சொல்லிவிடும் அது:
குளிர்நீர் எண்பத்தெட்டு. என்ஜின் சுற்று சுழியம்.
வண்டி மட்டும் அறுபதில் போய்க்கொண்டிருக்கும்.

என்ஜின் தூங்க வண்டி ஓடுவது
முதல் மாதம் எனக்குப் பழகவில்லை.
நின்றேவிட்டதென்று நினைத்து
காவேரிப்பட்டணம் தாண்டி ஓரங்கட்டியிருக்கிறேன்.
பின்னால் வந்த மாங்காய் லாரிக்காரர் சொன்னதை
எழுத முடியாது.

பின் சீட்டில் முட்டை.
பட்டுப்புழு முட்டை, கடுகைவிடச் சிறுசு, அட்டை அட்டையாக.
ஓசூரில் எடுத்து பாலக்கோடு, பென்னாகரம்,
கணவாய் இறங்கி மேச்சேரிவரை கொடுக்கிறேன்.
சூடு கூடினால்
ஒரே நாளில் பொரிய வேண்டியது நாலு நாள் இழுக்கும்.
அப்புறம் கூடு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.
தருமபுரி மார்க்கெட்டில் யாராவது கையில் உருட்டிப் பார்த்து
முட்டை யார் கொடுத்தது என்பார்கள்.
அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன்.
பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர்.
பெட்டிக்கு அடியில், சீட்டுக்கு அடியில்
பேட்டரிக்கு மூன்று.

சித்திரையில் ஆரம்பித்தது.
தொப்பூர் இறக்கம், முன்னால் லாரிகள், பிரேக் கருகும் வாசனை.
நான் பிரேக்கைத் தொட்டால் கரண்ட் ஏறும்.
அறுபது, எழுபது, எண்பது. அதற்குமேல் வாங்காது.
அப்போது என்ஜின் விழித்துக்கொண்டு சுற்றும்,
ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல்,
அரிசி போடாத கிரைண்டர் மாதிரி,
வேகத்தைத் தின்பதற்காக மட்டும்.
அதெல்லாம் சரிதான். சரியில்லாதது ஒன்று:
பேட்டரி நாற்பத்தொன்பது.
விசிறி ஆறில். ஆறுக்குமேல் அதற்கு வேகம் கிடையாது.
காற்று உள்ளே போகிற வாயில், ஏசி புண்ணியத்தில், இருபத்தைந்து.

குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறேன் என்கிறது விசிறி.
எனக்கு வந்து சேரவில்லை என்கிறது பேட்டரி.

பழையபேட்டை இம்தியாஸ் போனை வாங்கிப் பார்த்தார்.
"வேற எடத்துல பேட்டரியே மாத்தச் சொல்லுவாங்க மேடம்.
ஒன்றரை லட்சம்.
ரெண்டு நம்பரும் உண்மைதான். நடுவுல எதுவோ இருக்கு."
சீட்டோரத்துச் சல்லடை மூடியைக் கழற்றினார்.
குழாயைக் கழற்றினார்.
விசிறி வெளியே வந்தபோது கூடவே வந்தது
கம்பளித் துண்டு மாதிரி ஒன்று.
நூலென்றால் தொட்டே சொல்லிவிடுவேன். நூல் இல்லை.
முடி. கேழ்வரகு மாவு நிறம்.

என்னிடம் நாய் இல்லை.

பழைய ஆர்சியில் இருந்தது:
முனிராஜப்பா, தேன்கனிக்கோட்டை ரோடு, ஓசூர்.
மைலேஜ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் கேட்டு வாங்கிய வண்டி.
இதைக் கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.
போனில் கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
பின்னால் குக்கர் சத்தம்.
"ராகி," என்றார்.
"ராகின்னு பேரு. அந்த மூடிகிட்ட லேசா காத்து இழுக்கும்ல,
அதுல முதுக சாச்சிப் படுத்தாத்தான் அவளுக்குத் தூக்கம்.
கடைசியா ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டிலதான்."
எதற்கு விற்றார் என்று சொல்லவில்லை.
அப்புறம், எதையோ தள்ளிவைத்துவிட்டுக் கேட்பதுபோல:
"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

இம்தியாஸ் அதற்குள் ஏர் அடிக்க ஆரம்பித்திருந்தார்.
பாதி பறந்துபோய்விட்டது,
டயர் அடுக்கின்மேல், ஆயில் தட்டில், அவர் தாடியில்.
"இருக்குங்க," என்றேன்.
சொன்ன பிறகுதான் குனிந்தேன்.
முட்டை அட்டை வந்த காலிக் கவரில்
கைக்கு வந்ததைப் போட்டேன். கிரீஸும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.
இம்தியாஸ் எதுவும் கேட்காமல்
தாடியைத் தட்டி அதையும் கவரில் போட்டார்.

நேற்று தொப்பூரில் பேட்டரி முப்பத்தாறு. விசிறி ஒன்றில்.
முட்டை இருபத்துநாலரை.

வியாழக்கிழமை ஓசூர். கவர் முன்பெட்டியில் இருக்கிறது.
வீட்டில் முட்டை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
பதினோரு கிராம்.
கிரீஸைக் கழித்தால் இன்னும் குறையும்.