அரைப்பேர்

அம்பு போன சத்தம் சரியாகத்தான் இருந்தது.
பட்ட சத்தம்தான் பிசகு.
நெஞ்சில் பட்டால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி கேட்குமென்று
நானாகவே நினைத்து வைத்திருந்தேன்.
இது, நனைந்த படங்கை உள்ளங்கையால் அடித்த சத்தம்.

மரை முதுகைக் கூனிக்கொண்டது.
நாலு எட்டு நடந்தது.
ஓடவில்லை.
ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.
திரும்பி, நான் ஒட்டி நின்ற டர்பன்டைன் மரத்தைப் பார்த்ததா,
அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து ஏறிவந்த பனியைப் பார்த்ததா,
தெரியாது.
மானாப்புல் மூடிக்கொண்டது.

துவக்கென்றால் வனஜீவிக்காரனுக்குக் கேட்டுவிடும்.
வில் யாரிடமும் சொல்லாது.
தண்ணீர்ப் பைப்பை அனலில் காட்டி நானே வளைத்தது.
முனைக்கு, தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியின் நுனி.
கழிவுத் தூள் அடைத்த உரச் சாக்கில்
முப்பதடி தூரத்தில் பத்துக்கு எட்டு அடிப்பேன்.
சாக்கு மூச்சு விடாது.
நாணை விடுகிற நேரம் பார்த்து
ஓர் அடி முன்னே எடுத்து வைக்காது.

முறிந்த பின்பாதி புல்லில் கிடந்தது.
சன்னாசி எடுத்து மோந்தான்.
என்னிடம் நீட்டினான்.
இரத்தம் கறுப்பு. அதில் அரைபட்ட புல்.
ராத்திரி வேலையில் வாட்டுத் தட்டில் குனியும்போது
முகத்தில் அடிக்கிற அதே பச்சை வாசம்.
"வயிறுடா. இப்ப போகாத.
விரட்டினா சாகிறதுக்கும் அதுக்கு இடம் கிடைக்காது.
விடியட்டும்."

சரிதான். காத்திருக்கத்தான் வேண்டும்.
நாங்கள் காத்திருந்தோம். மழை காத்திருக்கவில்லை.
நாலரைக்குப் பிடித்தது, சரிவு முழுக்கக் கழுவியது,
இலையிலிருந்த மூன்று சொட்டையும்
என் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போனது.

விடியும்வரை பொறுக்க முடியவில்லை என்னால்.
டோர்ச் வெளிச்சத்தில் கான் கானாக இறங்கினோம்.
ஒன்பது மணிக்குச் சன்னாசி, "காலையில பிரட்டு இருக்கு" என்றான்.
போனான். கோபமில்லை.
ஒரு தடவை, கீழே எங்கோ, டொங் என்று மரை கத்தியது.
அதுவா, வேறொன்றா.
அந்தப் பக்கம் போனேன். பிறகு எந்தப் பக்கமென்றே தெரியவில்லை.
லயத்துக்கு வந்து காற்சட்டையைச் சுருட்டினால்
அட்டை கடித்த இடமெல்லாம்
முட்டியிலிருந்து பெருவிரல் வரை ஒழுக்கு.
அன்று ராத்திரி அழியாத தடம்
அது ஒன்றுதான்.

மறுநாள் ரோலருக்குப் பக்கத்தில் நின்றேன்.
இயந்திரம் கசக்கிக்கொண்டே இருந்தது.

சாயந்தரம் புஷ்பலீலா நேரம் கழித்து வந்தாள்.
கூடையைக் கழற்றாமல்
தலைத்துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.
கத்தி நுனி. துடைத்திருந்தது.
அடுப்புத் திட்டில் வைத்தாள்,
உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில்.

"பதினோராம் நம்பர் மலை. கீழ்க் கானுக்குள்ள.
தண்ணியில வாயை வச்சபடி.
ரெண்டு மணி வரைக்கும் மூச்சு இருந்துச்சு."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"நிரையில என்னைக் காணோம்னு கங்காணி கத்தினாரு.
நான் எந்திரிக்கல.
பன்னிரண்டு கிலோதான் வந்துச்சு.
அரைப்பேர் போட்டுட்டாங்க."

அப்புறம் கூடையைக் கழற்றினாள்.
நெற்றியில் கயிறு பதிந்த கோடு.

இருட்டினதும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன்.
இறைச்சி ஆகாது, வயிறு உடைந்து எல்லாம் கெட்டிருந்தது.
கண்ணில் எறும்பு.
தேயிலை வேருக்கு நடுவே தோண்டுவது லேசில்லை.
சன்னாசியைக் கூப்பிடவில்லை.

வில் இன்னும் கூரைக்கடியில் இருக்கிறது.
ஒடிக்க நினைத்தேன். பைப்பு ஒடியாது, மடங்கும்.

மாதக் கடைசியில் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து
என்னிடம் வாசிக்கச் சொன்னாள்.
அவளுக்கு வாசிக்கத் தெரியும்.
"இருபத்து மூன்றரைப் பேர்" என்றேன்.

இன்னொரு தரம், என்றாள்.