இடது கால் முதலில்

கொண்டோ நீச்சல் குளத்தோரம் வழுக்கி விழுந்தவள்.
இடது இடுப்பு.
"இடதுதான், வேறெது" என்றாள்
படிவத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது.
சிரிக்க வேண்டிய இடம் அது என்று
மூன்றாம் இரவில்தான் புரிந்தது.

பெயர் ஓதீல் மர்ஷாதியே. எழுபத்து மூன்று.
பிறந்த ஊர்? ரூபே.
ரூபாயா என்று கேட்டுவிட்டேன்.
அது பணத்தின் பெயர் என்று விளக்கியதும்
"நூற்பாலைகள் மூடிய பிறகு
எங்கள் ஊரில் இல்லாத பொருள்" என்றாள்.

ஊட்ரம், ஏழாம் மாடி, இரவுப் பணி.
இருபத்தெட்டுக் கட்டில், மூன்று தாதியர்.
இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி
திசு பெட்டியின் மேல் குறித்துக்கொண்டாள்.
வலி எத்தனை, பத்துக்கு? என்பேன்.
"ஒன்பது என்று எழுது, ஆறுக்கு இறங்கலாம்.
பேச்சுவார்த்தை அப்படித்தான் தொடங்கும்."
பிறகு கண்ணை மூடிக்கொண்டு,
"உண்மையில் ஆறு.
தொண்ணூற்று மூன்று மார்ச், அது எட்டு."

இரண்டு மணி ரத்த அழுத்தத்துக்கும்
ஆறு மணி மாத்திரைக்கும் நடுவே
அவள் வாழ்க்கை வரும், வரிசையில்லாமல்.
பதினேழு வயதில் ஹோட்டல் அறை துடைத்தது.
நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம்,
ஹோட்டல் பலகையின் மூன்று நட்சத்திரங்களை
யாரோ ராத்திரியில் கழற்றிப் போனது,
அந்தக் குளிரில், வாசலில், மகளுக்குப் பால் கொடுத்தது.
பதினொரு தேர்தல். நான்கில் வென்றாள்.
நாடாளுமன்றத்தில் ஐந்து வருடம்;
அவள் பேச எழுந்தால் எதிர்வரிசையில்
வாளி உருட்டுவதுபோல் ஓசை எழுப்புவார்களாம்.
கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் போனது.
"ஒரே ஒரு அடுக்குமாடி.
மின்தூக்கி பழுதென்று
அந்தக் கட்டடத்துக்கு மட்டும் நான் ஏறவில்லை."

ஒன்றை நான்காம் இரவில்தான் சொன்னாள்.
ஆலைகளில் பெண்களுக்கும் இரவு ஷிப்ட் என்றொரு திருத்தம்.
கூடாதென்று தெருத்தெருவாகக் கத்தியவள்
கட்சி சொன்னதும் கை தூக்கினாள்.
பஞ்சு அறையில் முப்பது வருடம் இருமிய அம்மா
எட்டு மாதம் அவளோடு பேசவில்லை.
"உனக்கு இரவு வேலை பிடிக்குமா?"
அலவன்ஸ் பிடிக்கும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

விடிந்தால் ஆ கியோக் துடைப்பத்தோடு வருவாள்.
இருவருக்கும் பொதுமொழி கிடையாது.
விரலால் வயது காட்டிக்கொண்டார்கள்: ஒரே வயது,
இருவரும் முயல் ஆண்டு.
கட்டிலுக்கடியில் துடைக்க அவள் குனிந்தபோது
இவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.
தையல் பிரிந்துவிடுமென்று நான் அதட்டினேன்.
அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.
மறுநாள், படுத்தபடியே, ஒற்றைக் கையால்
விரிப்பின் ஓரத்தை மடித்துச் செருகிக் காட்டினாள்.
ஹோட்டல் மடிப்பு.
என்னுடையது தளர்கிறதாம்.

ஏழரைக்கு மகள். ராஃபிள்ஸ் பிளேஸில் வங்கி.
பணக்காரர்களின் பணத்துக்குக் காவல்.
தாயின் நகங்களை வெட்டிவிடுவாள், பேசாமல்.
கட்டணத்துக்கு அட்டையை நீட்டியதும் அவள்தான்.

"நீ எத்தனை முறை வாக்களித்திருக்கிறாய்?"
இரண்டு.
பிறந்தது முதல் தஞ்சோங் பகார்;
வாக்கு வயது வந்த பின்னும் எங்கள் தொகுதியில் போட்டியே இல்லை.
முப்பத்தாறில்தான் முதல் வாக்கு.
பாவம் என்று சொல்வாள் என எதிர்பார்த்து
பதிலையும் கொஞ்சம் காரமாகவே தயாராக வைத்திருந்தேன்.
அவள் கேட்டது: "அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாய்?"
இதே சீருடை. பணி முடிந்து அப்படியே போனேன்.
பள்ளி மண்டப வரிசையில் நின்றபடி தூங்கினேன்.
முன்னால் நின்றவர் தோளில் இடித்துக்கொண்டு விழித்தேன்.
"எந்தப் பக்கம் போட்டாய்?"
அது ரகசியம் என்றேன்.
"சரியான பதில்" என்று கையைத் தட்டினாள்,
ஊசிக் குழாய் ஆட.

ஒன்பதாம் நாள் நடைச்சட்டம் வந்தது.
இயன்முறைச் சிகிச்சைப் பையன் சொன்னான்:
முதலில் சட்டம். அடுத்து இடது கால்.
அதற்குப் பிறகுதான் வலது.
"மறுபடி சொல்" என்றாள்.
இடது கால் முதலில், மேடம்.
"இன்னும் உரக்க."
பையன் விழிக்கிறான்.
நான் ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டுகிறேன்,
பணி நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியும்.